அலையில் மிதப்பவை ஏன் அதிர்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் மிதக்கிற எதுவும் ஆடத்தானே செய்யும்? இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஆடும், சரி. எவ்வளவு ஆடும் என்பதுதான் கேள்வி. ஒரே கடலில் அருகருகே நிற்கும் இரண்டு மிதவைகளில் ஒன்று அலையோடு சேர்ந்து 3 மீட்டர் ஏறி இறங்கும், மற்றது அரை மீட்டர்கூட அசையாது. எடை ஒன்றாக இருந்தாலும் இந்த வித்தியாசம் வரலாம். காரணம், ஒவ்வொரு மிதவைக்கும் அதற்கென்று ஓர் ஆட்ட நேரம் இருக்கிறது. அமைதியான நீரில் அதை ஒருமுறை அழுத்திவிட்டால், ஏறி இறங்கி மறுபடி அதே இடத்துக்கு வர எத்தனை விநாடி ஆகிறதோ, அதுதான் அதன் இயல்புக் காலம். வருகிற அலையின் காலமும் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம்) இதுவும் ஒத்துப்போனால் ஆட்டம் கட்டுக்கடங்காமல் பெருகும். பள்ளியில் ஒத்ததிர்வு என்று படித்தது இதைத்தான். மிதவை வடிவமைப்பாளரின் முதல் வேலை, தன் மிதவையின் காலத்தை அலைகளின் காலத்திலிருந்து தள்ளி வைப்பது.

எந்தெந்த மாதிரி ஆடும்?

ஆறு விதம். மேலும் கீழும் போனால் ஹீவ், பக்கவாட்டில் சாய்ந்து உருண்டால் ரோல், மூக்கு தூக்கிக் குத்தினால் பிட்ச். முன்னும் பின்னும் நகர்வது சர்ஜ், பக்கமாக நகர்வது ஸ்வே, நின்ற இடத்தில் திரும்புவது யா. முதல் மூன்றிலும் நீரே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அமுங்கினால் மேலே தள்ளும், சாய்ந்தால் நிமிர்த்தும். மற்ற மூன்றுக்கும் நீரில் ஸ்பிரிங் கிடையாது. நங்கூரச் சங்கிலி கட்டினால்தான் அவற்றுக்கு இயல்புக் காலம் என்று ஒன்று வரும். அது பெரும்பாலும் 100 விநாடியைத் தாண்டும்.

இயல்புக் காலத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஹீவ் எளிது. பெட்டி வடிவ மிதவை ஒன்று 5 மீட்டர் ஆழம் நீரில் அமிழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் பெருக்கினால் சுமார் 4.5 விநாடி. ஆனால் மிதவை தனியாக ஆடுவதில்லை, அடியில் உள்ள நீரையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. அந்த நீரின் நிறை மிதவையின் நிறைக்குச் சமம் என்று கொண்டால் காலம் 6.3 விநாடி ஆகிவிடும். தட்டையான மிதவைகளுக்கு இந்தக் கூடுதல் நிறை சொந்த நிறையைத் தாண்டுவதும் உண்டு.

இந்தக் கணக்கில் நீளமோ அகலமோ வரவில்லை, அமிழ்ந்த ஆழம் மட்டும்தான் வருகிறது. நேரான உருளை 150 மீட்டர் ஆழம் அமிழ்ந்திருந்தால் காலம் 25 விநாடிக்குப் பக்கத்தில் போய்விடும்.

அலை உயரமாக இருந்தால்தானே ஆபத்து? காலத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

உயரமும் முக்கியம்தான். ஆனால் வானிலை அறிக்கையில் எல்லோரும் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். ஆழ்கடலில் ஓர் அலையின் நீளத்தை அதன் காலமே சொல்லிவிடும். காலத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 10 விநாடி அலை 156 மீட்டர் நீளம், 14 விநாடி அலை 306 மீட்டர் நீளம். அலை நீளமாக ஆக, அது தொடும் ஆழமும் கூடும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே போனால் அசைவு மேற்பரப்பில் இருப்பதில் 4 சதவீதம்தான்.

கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் கள்ளக்கடல் என்கிறார்களே, அது இதற்கு நல்ல உதாரணம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல்காற்று எழுப்பிய நெடுங்கால அலைகள் அவை. 18 விநாடி அலையின் ஆற்றல் ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர் பயணிக்கும். 9 விநாடி அலை அதில் பாதிதான். அதனால் நீண்ட காலமுள்ளவை முதலில் வந்து சேரும். இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றே இருக்காது, ஆழ்கடலில் உயரமும் பெரிதாகத் தெரியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் இதற்கென்று தனி எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த எச்சரிக்கையில் அலைக்காலமும் இருக்கும். படகுக்காரர்கள் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

எண்ணெய் எடுக்கும் மிதக்கும் தளங்கள் எப்படி அலையிலிருந்து தப்பிக்கின்றன?

ஆற்றல் மிகுந்த கடல் அலைகள் ஏறக்குறைய 5 முதல் 20 விநாடிக்குள் அடங்கும். இந்த இடைவெளியில் சிக்காமல் இருக்க இரண்டே வழி: அலையை விட மெதுவாக ஆடுவது, இல்லை அலையை விட வேகமாக ஆடுவது.

மெதுவாக ஆடும் வகையில் ஒன்று செமி சப்மெர்சிபிள். பெரிய மிதவைப் பகுதி முழுக்க நீருக்கு அடியில் இருக்கும், மேலே தெரிவது சில தூண்களும் தளமும்தான். நீர்மட்டத்தை வெட்டுவது அந்தத் தூண்கள் மட்டும் என்பதால் ஸ்பிரிங் தளர்வாகி, ஹீவ் காலம் 20 விநாடியைத் தாண்டிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. முகடு வரும்போது அலை தூண்களை மேலே தள்ளுகிறது. அதே நேரத்தில் அடியில் உள்ள பகுதியைக் கீழே அழுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட அலைக்காலத்தில் இந்த இரண்டு விசைகளும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த அலை கடந்து போகும், தளம் சும்மா நிற்கும். அந்தக் காலத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரியும்.

ஸ்பார் என்பது நெடிய உருளை, ஆழமாக அமிழ்ந்து நிற்கும். அடியில் கனம் கட்டியிருப்பதால் கவிழாது.

வேகமாக ஆடும் வகை டென்ஷன் லெக் தளம். மிதப்பு விசையை எடையை விட அதிகமாக வைத்து, மேலெழும்பப் பார்க்கும் தளத்தைக் கடல் தரையோடு எஃகுக் குழாய்களால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஹீவ் காலம் 2 முதல் 4 விநாடி. முதல் தளம் 1984-இல் வடகடலில் ஹட்டன் எண்ணெய் வயலில், 147 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது.

அப்படியானால் டென்ஷன் லெக் தளத்தை அலை ஒன்றும் செய்யாதா?

அப்படித்தான் நம்பத் தோன்றும். ஆனால் கடலில் விசை அலையின் உயரத்துக்கு நேர்விகிதமாக மட்டும் வருவதில்லை. உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்த சிறு விசைகளும் உண்டு. அவை அலையின் இருமடங்கு அதிர்வெண்ணில் வரும். 6 விநாடி அலை 3 விநாடிக்கு ஒருமுறை மெல்லத் தட்டும். தளத்தின் ஹீவ் காலமும் 3 விநாடி என்றால் அந்தச் சிறு தட்டே போதும். ஓய்வில்லாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதை ஸ்பிரிங்கிங் என்கிறார்கள்.

இன்னொன்று ரிங்கிங். புயலில் செங்குத்தான ஒரு பெரிய அலை தூணைக் கடந்ததும், தளம் திடீரென்று வேகமாக அதிர ஆரம்பித்து மெதுவாக அடங்கும். அலையின் காலம் 12, 14 விநாடி. அதிர்வின் காலம் 3, 4 விநாடி. நார்வேயின் ஹெய்ட்ரூன் போன்ற தளங்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் மாதிரிச் சோதனைகள் நடத்தியபோதுதான் இது தீவிரமாகக் கவனத்துக்கு வந்தது. அன்றைய கணக்கீட்டு முறைகள் எதிர்பார்க்காத இழுவிசை கட்டுக்குழாய்களில் பதிவானது.

மெதுவாக ஆடுபவைக்கும் இதே தொல்லை வேறு வழியில் வருகிறது. 10 விநாடி அலையும் 11 விநாடி அலையும் சேர்ந்து வந்தால், உயரமான அலைகள் 110 விநாடிக்கு ஒருமுறை கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தின் தாளத்தில் ஒரு மெல்லிய தள்ளல் இருக்கும். சங்கிலியில் கட்டிய கப்பலின் சர்ஜ் காலம் 110 விநாடி என்றால், காற்றில்லாத நேரத்திலும் பல மீட்டர் முன்னும் பின்னும் போய்வரும். நங்கூரம் அறுவதை ஆராயும்போது இதையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

கப்பலுக்கு நிலைத்தன்மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. நிலைத்தன்மையை அளக்க மெட்டாசென்டர் உயரம் என்ற அளவு உண்டு. கப்பலின் அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, அந்த உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ரோல் காலம் ஏறக்குறையக் கிடைக்கும். 32 மீட்டர் அகலக் கப்பலுக்கு அந்த உயரம் 1 மீட்டர் என்றால் காலம் 25.6 விநாடி. சாய்ந்து நிதானமாக நிமிரும், மாலுமிக்குச் சுகம். 4 மீட்டர் என்றால் 12.8 விநாடி. வெடுக் வெடுக்கென்று நிமிரும், கண்டெய்னர் கட்டுகள் தெறிக்கும், அதோடு வழக்கமான அலைக்காலத்துக்குள்ளும் வந்து மாட்டிக்கொள்ளும். குறைந்தால் கவிழும் பயம், கூடினால் இது. இரும்புத் தாதுபோல் கனமான சரக்கை அடியிலேயே குவித்து ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரே முன்னாலிருந்து வரும் அலையில் கப்பல் பக்கவாட்டில் உருளுமா?

உருளும், அதுவும் பயங்கரமாக. 1998 அக்டோபரில் பசிபிக் கடலில் ஏபிஎல் சைனா என்ற கண்டெய்னர் கப்பல் புயலில் சிக்கியது. வழக்கப்படி மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி நின்றார்கள். அப்படியும் 35 பாகைக்கு மேல் உருண்டு, சுமார் 400 கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன.

நடந்தது இதுதான். அலையின் நீளம் கப்பலின் நீளத்துக்கு நெருக்கமாக இருந்தால், முகடு நடுக்கப்பலில் இருக்கும்போது விரிந்த முன்பகுதியும் பின்பகுதியும் நீருக்கு மேலே வந்துவிடும். நிமிர்த்தும் விசை குறையும். பள்ளம் நடுவில் வரும்போது விசை கூடும். இந்த ஏற்ற இறக்கம் ரோல் காலத்தின் பாதி நேரத்துக்கு ஒருமுறை நடந்தால், ஒவ்வொரு உருளலிலும் கோணம் சிறிது சிறிதாக ஏறும். பக்கவாட்டில் எந்த அலையும் தள்ளத் தேவையில்லை. இதற்கு மருந்து, வேகத்தையோ திசையையோ மாற்றி, அலை சந்திக்கும் நேரத்தைக் குலைத்துவிடுவது.

இரும்புக் கப்பலே வளைந்து அதிருமா?

அதிரும். தோளில் காவடி கட்டித் தண்ணீர் சுமப்பவரைப் பார்த்திருப்பீர்கள். இரு முனையிலும் குடம், நடுவில் தோள். நடையின் தாளமும் மூங்கிலின் துள்ளலும் ஒன்றாகிவிட்டால் குடங்கள் கண்டபடி எகிறும். 300 மீட்டர் கப்பலும் அப்படித்தான் நடு மேலேறி முனைகள் தாழ்ந்தும், முனைகள் எழுந்து நடு தாழ்ந்தும் துள்ளும். பெரிய கண்டெய்னர் கப்பல்களில் இந்தத் துள்ளலின் காலம் ஏறக்குறைய 2 விநாடி.

2 விநாடி அலை வெறும் சிற்றலை, அது எப்படி இவ்வளவு பெரிய கப்பலை அசைக்கும் என்று கேட்கலாம். கப்பல் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 5 விநாடி அலை 39 மீட்டர் நீளம், விநாடிக்கு 7.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கப்பல் போனால், ஒவ்வொரு முகடும் 2.2 விநாடிக்கு ஒருமுறை முட்டும். அமெரிக்கப் பேரேரிகளில் தாது ஏற்றிச் செல்லும் 1,000 அடிக் கப்பல்கள் 1972 முதல் ஓடுகின்றன. நீளமும் தாழ்வான உடலும் கொண்டவை என்பதால் அவை வளைவது தளத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியும்.

ஸ்பிரிங்கிங் இடைவிடாத நடுக்கம். விப்பிங் என்பது ஒரே அடி: முன்பகுதி அலையிலிருந்து எழும்பி நீரில் அறையும்போது கப்பல் முழுவதும் அதிர்ந்து அடங்கும். ஏற்கெனவே அலையில் வளைந்திருக்கும் நேரத்தில் இந்த அதிர்வும் சேர்ந்தால் தகைவு (உலோகத்தின் உள்ளே ஏறும் சுமை) எல்லை மீறலாம். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்எஸ்சி நபோலி என்ற கண்டெய்னர் கப்பலின் உடல் இயந்திர அறைப் பக்கம் முறிந்தபோது, விப்பிங் சுமையைக் கூட்டியிருக்க வேண்டும் என்று பிரிட்டனின் விசாரணை அறிக்கை சொன்னது. 2013 ஜூன் 17 அன்று சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கண்டெய்னர் கப்பல், ஏமன் கரைக்கு அப்பால் நடுவில் இரண்டாக உடைந்தது. வயது வெறும் 5 ஆண்டு. 26 பேரும் உயிர் பிழைத்தார்கள். கப்பலின் இரண்டு பாதிகளும் அடுத்தடுத்த வாரங்களில் தனித்தனியே மூழ்கின. பிறகு அதே வடிவக் கப்பல்களின் அடித்தகடுகளைச் சோதித்தபோது அவற்றிலும் நெளிவுகள் இருந்தன.

சின்னச் சின்ன அதிர்வு என்ன பெரிதாகச் செய்துவிடும்?

10 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் வளைவுகள், 20 ஆண்டில் 6 கோடிக்கு மேல். 2 விநாடி அதிர்வென்றால் அதைப்போல் 5 மடங்கு. வெல்டிங் இணைப்புகளில் தகைவு இரண்டு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். உலோகச் சோர்வு என்பது இதுதான்.

1980 மார்ச் 27 அன்று வடகடலின் எகோஃபிஸ்க் வயலில் அலெக்சாண்டர் கீலாந்து என்ற தளம் கவிழ்ந்தது. ஐந்து கால்கள் கொண்ட செமி சப்மெர்சிபிள், தொழிலாளர்கள் தங்கும் இடமாக இருந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். அன்று அலை 6 முதல் 8 மீட்டர். வடகடலுக்கு அது அபூர்வமான புயல் அல்ல.

காரணத்தைத் தேடிப் போனவர்கள் டி-6 என்ற ஒரு குறுக்குக் குழாயில் போய் நின்றார்கள். ஹைட்ரோஃபோன் என்ற, நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த அந்தக் குழாயில் ஒரு துளை போட்டு, சிறு தாங்கி ஒன்றை வெல்டிங் செய்திருந்தார்கள். வெல்டிங்கின் அளவு 6 மில்லிமீட்டர். தளத்தைத் தாங்கும் பாகம் இல்லையே என்று அதன் மேல் யாரும் பெரிய கவனம் வைக்கவில்லை. விரிசல் முகப்பில் பெயின்ட் படிந்திருந்தது. தளம் கட்டும் இடத்தை விட்டு வெளியே வரும் முன்பே அங்கு விரிசல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. பிறகு கடல் ஒவ்வோர் அலையாக அந்த விரிசலைக் குழாயைச் சுற்றி நடத்திக்கொண்டு போனது. டி-6 அறுந்ததும் டி என்ற காலைப் பிடித்திருந்த மற்ற குழாய்கள் சுமை தாங்காமல் அடுத்தடுத்து போயின, கால் கழன்றது, 20 நிமிடம் போல் சாய்ந்து நின்ற தளம் தலைகீழானது. வெல்டிங் பயிலும் ஒவ்வொரு மாணவருக்கும் அந்த 6 மில்லிமீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தைக் குறைக்க என்ன செய்கிறார்கள்?

காலத்தைத் தள்ளி வைக்க முடியாதபோது தணிப்பைக் கூட்டுகிறார்கள். ஹீவ் ஆட்டத்தில் மிதவை தானே அலைகளைக் கிளப்பி ஆற்றலை இழக்கும். ரோலில் அந்த இழப்பு மிகக் குறைவு. வழுவழுப்பான உடல் உருண்டுகொண்டே இருக்கும். அதனால் கப்பலின் அடி வளைவில், இரு பக்கமும் நீளவாட்டில் ஒரு தகட்டை நிறுத்துகிறார்கள். பில்ஜ் கீல் என்று பெயர். உருளும்போது தகட்டின் விளிம்பில் சுழல்கள் உண்டாகி ஆற்றலைத் தின்றுவிடும். வில்லியம் ஃப்ரவுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் இதன் பலனைச் சோதித்துக் காட்டினார். நகரும் பாகம் கிடையாது, மின்சாரம் வேண்டாம். இதைவிட மலிவான பாதுகாப்பு கப்பலில் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பார்களில் அடியில் அகலமான தட்டுகள் வைப்பதும் இதே தத்துவம்தான்.

மிதக்கும் காற்றாலைகளில் என்ன சிக்கல்?

ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே 2017-இல் ஹைவிண்ட் பண்ணை இயங்க ஆரம்பித்தது. 6 மெகாவாட் காற்றாலைகள் ஐந்து, ஒவ்வொன்றும் ஒரு ஸ்பார் மேல். இங்கே அலையோடு காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கருவியும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். பலத்த காற்றில் மின் உற்பத்தியை நிலையாக வைக்க அது இறக்கைகளின் கோணத்தை மாற்றும். தளம் காற்றை நோக்கிச் சாயும்போது கருவிக்குக் காற்று கூடியதுபோல் தெரியும். இறக்கையைத் திருப்பி விசையைக் குறைக்கும். எதிர்க்க வேண்டிய விசை குறைந்ததும் தளம் இன்னும் சாயும். பின்னால் வரும்போது இதற்கு நேர்மாறு. தணிக்க வேண்டிய காற்று ஆட்டத்தை வளர்த்துவிடுகிறது. தளத்தின் ஆட்டத்தை விடக் கருவி மெதுவாக வேலை செய்யும்படி மாற்றி அமைப்பது ஒரு தீர்வு.

மிதக்கும் விமான நிலையம் சாத்தியமா?

ஜப்பான் யோகோசுகா அருகே மெகா ஃப்ளோட் என்று 1,000 மீட்டர் நீள மிதவை கட்டி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் சிறு விமானங்களை இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். தடிமன் 3 மீட்டர்தான். அந்த விகிதத்தில் அது திடமான பொருள் போல் ஆடாது, பாய் போல் அலையோடு நெளியும். அமைதியான விரிகுடாவில் சரி, திறந்த கடலில் அலைத்தடுப்பு இல்லாமல் முடியாது.

தொட்டியில் மாதிரி வைத்துச் சோதிப்பது நம்பகமானதா?

பெரும்பாலும். 1:50 மாதிரியில் நீளம் 50-இல் ஒன்று, காலம் ஏறக்குறைய 7-இல் ஒன்று. 10 மீட்டர் உயர 14 விநாடி அலை, தொட்டியில் 20 சென்டிமீட்டர் உயர 2 விநாடி அலை. சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையிலும் இப்படி அலைத்தொட்டி இருக்கிறது. சுழல்களின் உராய்வு மட்டும் இந்த விகிதத்தில் சரியாகச் சுருங்காது, அதனால் தணிப்பை அப்படியே நம்பாமல் திருத்தி எடுப்பார்கள்.

கடல் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மேலும் கீழுமான ஆட்டம் 5, 6 விநாடிக்கு ஒருமுறை வரும்போதுதான் குமட்டல் உச்சத்தில் இருக்கும். கப்பலின் நடுப்பகுதியில் உட்காருங்கள், அங்கே பிட்ச் ஆட்டம் மிகக் குறைவு.

என் விசைப்படகில் இதைச் சோதிக்க முடியுமா?

தாராளமாக. துறைமுகத்தில் அலையில்லாத நேரம், கயிற்றைத் தளர்த்தி, கரையிலும் பக்கத்துப் படகிலும் முட்டாமல் விலக்கி வையுங்கள். டேங்குகள் நிரம்பியோ காலியாகவோ இருக்கட்டும், அரைகுறையாக வேண்டாம். இரண்டு மூன்று பேர் ஓரத்தில் நின்று தாளமாக அழுத்திப் படகைச் சிறிது உருள விட்டு, அப்புறம் நிறுத்திவிட்டு, ஐந்து முழு உருளலுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் எடுத்து ஐந்தால் வகுங்கள். 5 மீட்டர் அகலப் படகில் 4 விநாடி வந்தால் மெட்டாசென்டர் உயரம் சுமார் 1 மீட்டர். 8 விநாடி வந்தால் கால் மீட்டர்தான், அது கவலைக்குரியது. இது தோராயக் கணக்குதான், முறையான நிலைத்தன்மைச் சோதனைக்கு மாற்றல்ல. ஆனால் உங்கள் படகின் வழக்கமான நேரம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. சுமை மாறாமலே ஒருநாள் படகு வழக்கத்தை விட மெதுவாக, நிமிர மனமில்லாததுபோல் உருண்டால், உடனே அடித்தளத்தைத் திறந்து நீர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், மேல்தளத்தில் குவிந்த வலையையும் மீனையும் கீழே இறக்குங்கள்.